ஒரே அகலத்தில் ஓடும் ஒலி

நம் சங்கத்து அலமாரியில் இரண்டு தகரப் பெட்டிகள் நிறைய ஒலிநாடாக்கள் இருப்பது பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். பொங்கல் விழாப் பட்டிமன்றங்கள், பிள்ளைகளின் குறள் ஒப்புவித்தல், ஊரிலிருந்து வந்து பேசிவிட்டுப் போன புலவர்களின் சொற்பொழிவுகள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. இவற்றைக் கணினியில் ஏற்றிப் பாட்காஸ்டாக வெளியிட வேண்டும் என்று சென்ற செயற்குழுவில் இளைஞர்கள் சொன்னார்கள். நல்ல யோசனை. ஆனால் எந்த நிறுவனத்தின் செயலியில் போடுவது என்பதிலேயே பேச்சு சுற்றிச் சுற்றி வந்து நின்றுவிட்டது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு என்பது என் எண்ணம். அதை விளக்குவதற்கே இக்கட்டுரை.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே உதாரணங்கள் ரயிலடியைச் சுற்றியே வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாட்காஸ்ட் என்றால் என்ன?

வானொலி என்பது கால அட்டவணைப்படி ஓடும் வண்டி. அது வரும் நேரத்தில் நாம் நடைமேடையில் நிற்க வேண்டும். லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை சிற்றலையில் வந்துகொண்டிருந்த நாட்களில், வெளிமாநிலத்தில் இருந்த பல தமிழ் வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரமே அதை ஒட்டித்தான் அமைந்திருந்தது. ஐந்து நிமிடம் தாமதித்தால் தலைப்புச் செய்தி போயிற்று. 1941-இல் தொடங்கிய அந்த வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது.

பாட்காஸ்ட் பார்சல் ஆபீஸைப் போன்றது. சரக்கு வந்து இறங்கியிருக்கும். நமக்கு வசதிப்பட்டபோது எடுத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சி நடத்துபவர் தம் பேச்சைப் பதிவு செய்து, ஒலிக்கோப்பாக்கி, இணையத்தில் ஓரிடத்தில் வைக்கிறார். அதோடு ஓர் எழுத்துக் கோப்பையும் வைக்கிறார். இந்த இரண்டாவது கோப்புதான் முக்கியம். அதைப் பட்டியல் என்று இங்கே சொல்கிறேன். பிள்ளைகள் ஃபீடு என்பார்கள். அதில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பு, வெளியான தேதி, இரண்டு வரி விளக்கம், வேறெதற்கும் தராத ஓர் அடையாள எண் ஆகியவை இருக்கும். கடைசியாக, இணைப்பு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் மூன்றே மூன்று விவரங்கள்: ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி, அதன் அளவு எத்தனை பைட், அது எந்த வகைக் கோப்பு.

பார்சல் வே-பில்லைக் கையில் வாங்கியவர்களுக்கு இதைப் பார்த்தவுடன் புரிந்துவிடும். சரக்கு எங்கே இருக்கிறது, எடை எவ்வளவு, என்ன சரக்கு. வே-பில்லில் மாம்பழம் இருக்காது. மாம்பழக் கூடையைப் பற்றிய விவரம்தான் இருக்கும். அதுபோலவே பட்டியலில் குரல் இல்லை, குரல் இருக்கும் இடம் இருக்கிறது.

உங்கள் கைப்பேசியில் உள்ள செயலி சில மணி நேரத்துக்கு ஒரு முறை அந்தப் பட்டியலிடம் போய், "கடைசியாக நான் பார்த்த பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்கிறது. இல்லை என்றால் திரும்பிவிடும். மாறியிருந்தால் பட்டியலைப் படித்து, அடையாள எண்ணை வைத்து எது புதியது என்று கண்டு, அந்தக் கோப்பை மட்டும் இறக்கி வைக்கும். எங்கள் வேலையில் வண்டியை அனுப்பும் ஸ்டேஷன்தான் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் கேட்கும். இங்கே தலைகீழ், வாங்குகிறவர்தான் போய்க் கேட்கிறார். அதனால் ஒரு நன்மை உண்டு. நிகழ்ச்சி நடத்துபவருக்கு உங்கள் பெயரோ தொலைபேசி எண்ணோ தெரிய வேண்டியதில்லை. வேண்டாமென்றால் கேட்பதை நிறுத்திக்கொள்ளலாம். யாரிடமும் சொல்லிக்கொண்டு போக வேண்டாம்.

இந்த எழுத்துக் கோப்பின் அமைப்புக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். நாக்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்த மூன்றெழுத்தை எழுதினால் வாசகர்கள் வேறு எதையோ நினைப்பார்கள் என்று தெரியும். இது கணினிக்காரர்களுடையது. 'மிக எளிய விநியோகம்' என்ற பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள், அவ்வளவுதான்.

மோடம் காலத்துச் சிக்கல்

இது பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் 2000-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அப்போது வீட்டில் இணையம் என்றால் தொலைபேசிக் கம்பியில் மோடம் போட்டு, அது கிரீச்சிட்டு முடியும் வரை காத்திருப்பது. மோடத்தின் மேல் 56 கிலோபிட் என்று எழுதியிருக்கும். சுமாரான தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 28.8 மெகாபைட் வரும். கம்பி முழு வேகத்தில் ஓடினாலும் அதை இறக்க ஒரு மணி ஒன்பது நிமிடம் ஆகும். கேட்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம்! நம் ஊர்க் கம்பிகளில் அந்த முழு வேகம் எப்போது கிடைத்தது என்பது வேறு விஷயம்.

எம்.டி.வி. தொலைக்காட்சியில் பாட்டு நிகழ்ச்சி நடத்திப் பெயர் பெற்ற ஆடம் கர்ரி என்பவர் இதற்கு ஒரு வழி யோசித்தார். கம்பியின் வேகத்தை நம்மால் கூட்ட முடியாது. ஆனால் இரவு முழுவதும் கணினி சும்மாதானே இருக்கிறது? அந்த நேரத்தில் கோப்பைத் தானாக இறக்கி வைத்துவிட்டு, முழுவதும் வந்து சேர்ந்த பிறகே "புதியது வந்திருக்கிறது" என்று சொன்னால், காலையில் எழுந்து அழுத்தியவுடன் ஒலிக்கும். கேட்பவருக்குக் காத்திருப்பு என்பதே இல்லை. சரக்கு வண்டியை இரவில் ஓட்டிவிட்டுப் பகலில் பாதையை மெயில் வண்டிக்கு விடுகிற அதே யுக்திதான்.

இதை அவர் டேவ் வைனர் என்ற மென்பொருளாளரிடம் கொண்டுபோனார். செய்தித் தலைப்புகளை வலைத்தளத்திலிருந்து வலைத்தளத்துக்கு அனுப்ப, 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்ட ஆர்.எஸ்.எஸ். அமைப்பை மேலும் எடுத்துச் சென்றவர்களில் முக்கியமானவர் வைனர். அவர் அந்த அமைப்பில் மேலே சொன்ன இணைப்பு வரியைச் சேர்த்தார். 2001 ஜனவரியில் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாடல் ஒன்றை இணைத்து, முறை வேலை செய்கிறதென்று காட்டினார். அப்போது அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர். தண்டவாளம் போட்டாகிவிட்டது, வண்டிதான் இல்லை.

அதே ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐபாட் என்ற சட்டைப்பைக் கருவியை அறிமுகம் செய்தது. 2003-இல் கிறிஸ்டஃபர் லைடன் என்ற வானொலிக்காரர் ஹார்வர்டில் எடுத்த நேர்காணல்களை வைனர் இதே முறையில் வெளியிட்டார். 2004-இல் கர்ரி தாமே ஒரு சிறு நிரலை எழுதினார். கணினி இறக்கிய கோப்பை ஐபாடுக்குத் தானாக மாற்றுவது அதன் வேலை. அந்த ஆகஸ்டில் தினசரி நிகழ்ச்சி ஒன்றையும் தொடங்கினார். பெயர் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2004 பிப்ரவரியில் லண்டன் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில், இந்தப் புது வழக்கத்தை என்னவென்று சொல்லலாம் என்று வாய்க்கு வந்த சில பெயர்களைப் போட்டிருந்தார். அவற்றில் ஒன்று பாட்காஸ்டிங். அது ஒட்டிக்கொண்டது.

2022 மே மாதத்தில் ஐபாட் உற்பத்தியையே ஆப்பிள் நிறுத்திவிட்டது. பெயரில் மட்டும் அது இருக்கிறது. நம் நாட்டில் 2013 ஜூலையில் தந்தி நின்றுபோன பிறகும் ஊரில் தந்திக்கம்பம் என்று சொல்கிறோமே, அது மாதிரி.

சின்னக் கோப்பில் பெரிய குரல்

இந்த வரலாற்றில் இன்னொரு கால் உண்டு. அது ஜெர்மனியிலிருந்து வந்தது. குறுந்தகட்டில் இசையைப் பதிவு செய்யும்போது விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், இடம் வலம் இரண்டுக்கும் எழுதுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட். மோடத்தில் இதை இறக்க ஒரு நாள் போதாது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் இதைச் சுருக்க ஒரு வழி கண்டார்கள். கணக்கில் கெட்டிக்காரத்தனம் ஒரு பங்கு என்றால், மனிதக் காதின் பலவீனத்தைப் புரிந்துகொண்டது இன்னொரு பங்கு.

மெயில் வண்டி நடைமேடையைத் தாண்டும்போது டீக்காரர் கூவுவது நமக்குக் கேட்பதில்லை. அவர் கூவிக்கொண்டுதான் இருக்கிறார். பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மறைத்துவிடுகிறது. ஒலிக்குள்ளும் ஒவ்வொரு கணமும் இது நடக்கிறது. எப்படியும் காதில் விழாத பகுதிக்கு எதற்கு இடம் ஒதுக்க வேண்டும்? அதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதினால் கோப்பு பத்தில் ஒரு பங்காகிறது. இதுதான் எம்.பி.3. வாத்தியம் எதுவும் இல்லாமல் சூசன் வேகா என்ற பாடகி பாடிய ஒரு பாட்டு தங்கள் முறையில் மோசமாக ஒலித்ததால், அதையே திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார்கள். இசைக்குழுவின் ஆரவாரத்தில் தவறுகள் ஒளிந்துகொள்ளும். தனிக்குரலில் ஒளிய இடமில்லை. எம்.பி.3 என்ற கோப்புப் பெயரை அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் 1995 ஜூலை 14.

என் போன்ற தொலைத்தொடர்புக்காரர்களுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. நாங்கள் பராமரித்த டிஜிட்டல் இணைப்பகங்களில் ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் என்பது வேதவாக்கு. விநாடிக்கு 8,000 அளவு, அளவுக்கு 8 பிட். அதில் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. அதனால்தான் போனில் 'ச'வும் 'ப'வும் குழம்பிப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம். பாட்காஸ்டில் பேச்சுக்குப் பலர் வைத்துக்கொள்வதும் அதே 64 கிலோபிட்தான். ஆனால் எதிரில் உட்கார்ந்து பேசுவது போல் கேட்கிறது. அதே அகலத்துப் பாதை. சரக்கைக் கட்டும் விதம்தான் வேறு.

எம்.பி.3-க்கான காப்புரிமை உரிமத்தை ஃபிரான்ஹோஃபர் 2017 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. இப்போது அதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

நம்மில் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோடை விடுமுறைக்கு இங்கிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ சென்னை சென்ட்ரலில் போய் இறங்குவோம். அது பிராட் கேஜ், 1,676 மில்லிமீட்டர். தெற்கே போகும் வண்டிகள் எழும்பூரிலிருந்து. அது அந்தக் காலத்தில் மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். இரண்டு நிலையங்களுக்கும் இடையே சுமார் இரண்டு கிலோமீட்டர். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டருக்குப் பெட்டி படுக்கை, தண்ணீர்க் கூஜா, தூங்கி விழும் குழந்தை எல்லாவற்றையும் இறக்கி, போர்ட்டரிடமும் ஆட்டோக்காரரிடமும் பேரம் பேசி, மறுபடி ஏற்ற வேண்டும். நாக்பூரிலிருந்து சென்னை வரை வந்த களைப்பைவிட இந்த இரண்டு கிலோமீட்டர்க் களைப்பு அதிகம். தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி 676 மில்லிமீட்டர் வேறுபட்டதற்கு நாம் கொடுத்த விலை அது. சரக்குக்கு இதைவிட மோசம். பீகாரில் பரௌனியை அடுத்த கர்ஹாரா யார்டில் ஒரு கேஜ் வேகனிலிருந்து இன்னொரு கேஜ் வேகனுக்கு மூட்டை மாற்றுவதற்கென்றே பெரிய ஏற்பாடு இருந்தது. 1992-இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டம் வந்த பிறகுதான் நாடெங்கும் இது படிப்படியாகக் குறைந்தது.

இங்கிலாந்தில் இந்தச் சண்டை 1840-களிலேயே நடந்தது. புருனெல் என்ற மேதை கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்கு 2,140 மில்லிமீட்டர் அகலம் வைத்தார். மற்றவர்கள் ஸ்டீவன்சனின் 1,435. இரண்டும் குளோஸ்டர் நகரில் சந்தித்தபோது நம் சென்ட்ரல்–எழும்பூர்க் கூத்து அங்கே நடந்தது. 1845-இல் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். சோதனை ஓட்டங்களில் புருனெலின் வண்டிகளே வேகமாக ஓடின. ஆனாலும் குழு குறுகிய அகலத்தையே சிபாரிசு செய்தது. ஏனென்றால் அந்த அகலத்தில் ஏற்கெனவே பல மடங்கு நீளத்துக்குப் பாதை போட்டாகிவிட்டது. 1846-இல் சட்டம் வந்தது. புருனெலின் அகலப்பாதை முற்றிலும் மறைய 1892 மே வரை ஆயிற்று. எது சிறந்தது என்பதைவிட எதில் எல்லோரும் ஓட முடியும் என்பதுதான் அங்கே தீர்மானித்தது.

பாட்காஸ்டுக்கும் இப்படி ஒரு கேஜ் கமிஷன் தருணம் வந்தது. ஆர்.எஸ்.எஸ். என்ற பெயரிலேயே ஒன்றோடொன்று ஒத்துவராத வடிவங்கள் இருந்தன. இவற்றை வடிவமைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். 2003 ஜூலையில் வைனர் தம்முடைய 2.0 வடிவத்தின் உரிமையை ஹார்வர்டின் ஓர் ஆய்வு மையத்துக்குக் கொடுத்து, யாரும் பயன்படுத்தலாம் என்று வைத்துவிட்டார். 2005 ஜூன் 28-ஆம் தேதி ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்டைச் சேர்த்தபோது, சொந்தமாக ஓர் அகலம் கண்டுபிடிக்காமல் அந்த 2.0-வையே எடுத்துக்கொண்டு, மேலே சில குறிச்சொற்களை மட்டும் சேர்த்தது. இரண்டே நாளில் பத்து லட்சம் சந்தாக்கள் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு கேஜ் பற்றிய கேள்வியே எழவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிள் வைத்திருப்பது நிகழ்ச்சிகளின் முகவரி அடைவுதான். ஒலிக்கோப்புகள் பெரும்பாலும் அவரவர் இடத்திலேயே இருக்கின்றன. கால அட்டவணைப் புத்தகம் அச்சிடுபவர் வண்டிகளுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை அல்லவா?

இந்த நிலை அப்படியே நீடிக்கும் என்று சொல்ல முடியாது. 2019-இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம் கிம்லெட், ஆங்க்கர் என்ற இரண்டு பாட்காஸ்ட் நிறுவனங்களை வாங்கியது. மறு ஆண்டு, அமெரிக்காவில் மிகப் பெரிய கூட்டம் கேட்கும் ஜோ ரோகன் நிகழ்ச்சியைத் தன் செயலியில் மட்டுமே கிடைக்கும்படி ஒப்பந்தம் போட்டது. அதாவது தனி அகலத்தில் ஒரு வண்டி. 2024 பிப்ரவரியில் போட்ட புதிய ஒப்பந்தத்தில் அந்தக் கட்டு தளர்ந்து, நிகழ்ச்சி மற்ற இடங்களுக்கும் திரும்பியது. அதே ஆண்டில் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை முதலில் அமெரிக்காவிலும் பிறகு மற்ற நாடுகளிலும் மூடியது. கோடிக்கணக்கான கைப்பேசிகளில் இறங்கியிருந்த செயலி அது. ஆனால் ஒரு நிகழ்ச்சியும் சாகவில்லை. கேட்பவர்கள் தங்கள் சந்தாப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போகலாம் என்று கூகுளே வழி செய்து கொடுத்தது.

அந்தக் கோப்புக்கு ஓ.பி.எம்.எல். என்று பெயர். நான் பயன்படுத்திய ஒரு சிறிய செயலியும் ஒருநாள் நின்றுபோனது, பெயர் வேண்டாம். நாற்பது நிகழ்ச்சிகளின் முகவரிகள் அதில் இருந்தன. முன்பே எடுத்து வைத்திருந்த ஓ.பி.எம்.எல். கோப்பைப் புதிய செயலியில் சேர்த்தேன். ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் நாற்பதும் வந்து நின்றன. வண்டியை மாற்றினேன், மூட்டையை இறக்கி ஏற்றவில்லை. உங்கள் செயலியின் அமைப்புப் பகுதியில் 'எக்ஸ்போர்ட்' என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது இல்லாத செயலியை நான் வைத்துக்கொள்வதில்லை.

யூடியூபில் 'பாட்காஸ்ட்' என்று வரும் பலவற்றுக்கு இப்படிப்பட்ட திறந்த பட்டியல் கிடையாது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த வண்டி அந்த ஒரு பாதையை விட்டு வெளியே வராது. 2020-இல் ஆடம் கர்ரி, டேவ் ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து பாட்காஸ்ட் இண்டெக்ஸ் என்ற பொது அடைவைத் தொடங்கியது, அடைவு கூட ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கக் கூடாது என்ற கவலையால்தான்.

நம் ஒலிநாடாக்கள்

ஆகவே செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இது. எந்தச் செயலி என்று முதலில் கேட்காதீர்கள். பட்டியலின் முகவரி யாருடையது என்று கேளுங்கள். இலவசமாக இடம் தரும் நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே முகவரியும் தருகின்றன. அந்த நிறுவனம் மூடினால், அல்லது விதிகளை மாற்றினால், நம் நிகழ்ச்சியைக் கேட்பவர்களுக்கு நாம் எங்கே போனோம் என்று தெரியாது. சங்கத்தின் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கி, பட்டியல் அதில் இருக்கட்டும். அதைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். பொருளாளரின் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம், பொருளாளர்கள் மாற்றலாகிப் போவார்கள். பிறகு அந்த ஒரே முகவரியை ஆப்பிள், ஸ்பாட்டிஃபை என்று எல்லா அடைவுகளிலும் கொடுக்கலாம். எவர் எந்தச் செயலி வைத்திருந்தாலும் வந்து சேரும். என்றாவது இடம் மாற நேர்ந்தால், பழைய முகவரியில் "இனி இங்கே" என்று ஒரு வழிகாட்டியைச் சில வாரங்களாவது வைத்தால், செயலிகள் தாமே புதிய இடத்துக்கு மாறிக்கொள்ளும்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேர நாடா இருநூறு இருப்பதாகக் கொண்டால், 64 கிலோபிட் எம்.பி.3-இல் மொத்தம் 5,760 மெகாபைட். சட்டைப்பையில் வைக்கும் பென் டிரைவ் போதும். ஆனால் மூலப்பிரதியை எம்.பி.3-ஆக வைக்கக் கூடாது. தூக்கி எறிந்த பகுதி திரும்பி வராது. சுருக்காத கோப்பாக ஒற்றைத் தடத்தில் வைத்தால் இருநூறும் சுமார் 64 ஜிகாபைட். இரண்டு ஹார்டு டிஸ்கில் எடுத்து, இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள்.

நாடாவைப் போடுமுன் ஒரு தரம் முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் பிரியும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறிய கம்பளித் துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்தால் குரல் மங்கும். நல்ல பெட்டிக்குள் நாடாவை மாற்றிப் போட வேண்டும். டேப் ரிக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் ஒவ்வொரு சில நாடாவுக்கும் துடையுங்கள். இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டால் வருகிறேன்.

இன்னொன்று: பேசியவர்களிடம், அவர்கள் இல்லையென்றால் குடும்பத்தாரிடம், ஒரு வரி அனுமதி வாங்கிவிடுவது மரியாதை. அன்று மண்டபத்தில் இருந்த இருநூறு பேருக்காகப் பேசியதை இன்று உலகமே கேட்கப் போகிறது. குழந்தைகளின் பதிவுகளுக்கு இன்னும் கவனம் தேவை. அன்று குறள் மறந்து அழுத பையன் இப்போது எங்கேயாவது அதிகாரியாக இருப்பான்.

எதைக் கேட்கலாம்?

கேட்டுப் பழக விரும்புகிறவர்களுக்குத் தொழில்நுட்பத் துறையிலிருந்தே இரண்டு மூன்று சொல்கிறேன். 'திஸ் வீக் இன் டெக்' 2005 ஏப்ரலில் லியோ லபோர்ட் தொடங்கிய வாராந்தர அரட்டை. நீளம் அதிகம், நான் நடைப்பயிற்சிக்கு நான்கு நாளாகப் பிரித்துக்கொள்கிறேன். டாம் மெரிட் 2014 ஜனவரியில் தொடங்கிய 'டெய்லி டெக் நியூஸ் ஷோ' அன்றன்றைய செய்தியைச் சுருக்கமாகச் சொல்லி, அதற்கு என்ன பொருள் என்றும் விளக்குகிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பிரையன் மெக்கலோவின் 'இன்டர்நெட் ஹிஸ்டரி பாட்காஸ்ட்' பழைய நெட்ஸ்கேப் காலத்து ஆட்களைத் தேடிப் பிடித்து அவர்கள் வாயாலேயே கதையைச் சொல்ல வைக்கிறது. மூன்றும் ஆங்கிலம்தான்.

கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. செய்தி வாசிக்கிற அதே குரலில் விளம்பரமும் வரும். இடையில் வரும் சில விளம்பரங்கள் நீங்கள் இறக்கும் நேரத்தில், நீங்கள் இருக்கும் ஊரைப் பார்த்துச் செருகப்படுகின்றன. பத்து வருடம் முந்திய அத்தியாயத்தில் இன்றைய இந்தி விளம்பரம் வந்தால் திகைக்க வேண்டாம்.

பழைய அத்தியாயங்களுக்கு ஒரு தனிச் சுவை உண்டு. 2007 ஜனவரி 9 அன்று ஐபோன் அறிமுகமானது. அந்த மாதத்துத் தொழில்நுட்ப நிகழ்ச்சி எதையாவது இன்று எடுத்துக் கேளுங்கள். பேசுகிறவர்களுக்குப் பின்னால் வரப்போவது தெரியாது, நமக்குத் தெரியும். வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறவருக்கு முடிவு தெரிந்துவிடுவதால் இந்தத் தடுமாற்றம் புத்தகத்தில் கிடைப்பதில்லை. பல நிகழ்ச்சிகள் பட்டியலில் அண்மைய சிலவற்றை மட்டும் வைத்துவிட்டு, பழையவற்றைத் தங்கள் வலைத்தளத்தில் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருக்கும். செயலியில் காணோம் என்றால் அங்கே போய்த் தேடிப் பாருங்கள்.